ஆன் ஆகாத லேப்டாப்: நூற்பாவும் உரையும்

ஒளியும் ஒலியும் உளவோ தேர்க;
ஊட்டும் மின்னின் அளவை ஒப்பிடு;
எல்லாம் நீக்கி விசையை அழுத்து;
நினைவகம் கழற்றி ஒவ்வொன்றாய்ப் பூட்டு;
திரையை ஐயுறு, தட்டில் உள்ளதைப்
படியெடுத் தன்றிப் பழுது பாரேல்.

நூற்பாவும் உரையும் ஒருவர் கைவேலையே. 'இலக்கண விளக்கம்' என்ற தம் நூலுக்கு வைத்தியநாத தேசிகர் தாமே உரை செய்திருக்கிறாரே என்ற துணிச்சல்தான்.

ஒளியும் ஒலியும் உளவோ தேர்க: 'ஆன் ஆகவில்லை' என்ற ஒரே புகாருக்குள் நான்கு நோய்கள் ஒளிந்திருக்கும். பட்டனை அழுத்தினால் எந்த விளக்கும் எரியாதது ஒன்று. விளக்கு எரிந்து, விசிறி சுற்றியும் திரை இருண்டே கிடப்பது இன்னொன்று. கம்பெனி லோகோவோடு நின்றுவிடுவது மூன்றாவது. விண்டோஸ் பாதி வழி வந்து திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவது நான்காவது. மின்சாரம், பயாஸ், டிஸ்க், விண்டோஸ் என்று வேலை கைமாறிக்கொண்டே போகிறது. எந்தக் கையில் நின்றது என்று தெரிந்துவிட்டால் மற்றவற்றைத் தொடவே வேண்டாம். நூற்பாவின் அடிகளும் அந்த வரிசையில்தான் நிற்கின்றன. ஒலி என்றது பீப் சத்தத்தை. இப்போது பல மாடல்களில் அதன் வேலையை விளக்கே பார்க்கிறது: டெல் லேப்டாப்கள் பலவற்றில் ஆம்பர் நிறத்தில் 2, வெள்ளையில் 3 சிமிட்டினால் ராம் தென்படவில்லை என்று பொருள். எண்ணிக் குறித்துக்கொண்டு சர்வீஸுக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

ஊட்டும் மின்னின் அளவை ஒப்பிடு: சார்ஜரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் வாட்டும் லேப்டாப்பின் அடியில் கேட்டிருப்பதற்கு ஈடாக வேண்டும். டைப்-சி வந்தபின் இந்தக் குழப்பம் கூடிவிட்டது. பிளக் பொருந்தினால் போதும் என்று நம்புகிறோம். அந்த வகைச் சார்ஜர் 5 வோல்ட்டில் தொடங்கி, லேப்டாப்போடு பேசி, 20 வோல்ட் வரை ஏற வேண்டும். 9 வோல்ட்டைத் தாண்டாத போன் சார்ஜர் பல லேப்டாப்களை எழுப்பாது. டச்பேட் மேலே உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. மேற்கொண்டு எந்த அடியும் படிக்காமல் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கடைக்குப் போகவும்.

எல்லாம் நீக்கி விசையை அழுத்து: சார்ஜர், பென்டிரைவ், கழற்ற முடிந்தால் பேட்டரி, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்துவது. இது வெறும் சடங்கு என்பாரும் உளர், அது பொருந்தாது. லேப்டாப் அணைந்திருக்கும்போதும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறு சிப் விழித்திருக்கிறது. பட்டனை அழுத்துவதைக் கவனிப்பதே அதுதான். அது குழம்பி நின்றுவிட்டால் எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. மிச்சமிருக்கும் மின்சாரமும் வற்றினால்தான் புதிதாகத் தொடங்கும். திங்க்பேட் பலவற்றின் அடிப்பக்கத்தில் இதற்கென்றே ஓர் ஊசித்துளை உண்டு.

நினைவகம் கழற்றி: ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவது நம் கடைகளின் நெடுநாள் கைமருந்து. 'ஒவ்வொன்றாய்' என்றதனால், இரண்டில் எது கெட்டது என்பதோடு எந்த ஸ்லாட் கெட்டது என்பதும் பெறப்படும். போர்டோடு ஒட்டிய ராம் உடையோருக்கு இவ்வடி இல்லை.

திரையை ஐயுறு: இருண்ட திரைமேல் சாய்வாக டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? பின்னொளி மட்டும் போயிருக்கிறது. ஹெச்டிஎம்ஐ வழியே டிவியில் மாட்டியும் பார்க்கலாம்.

படியெடுத் தன்றிப் பழுது பாரேல்: முந்தைய அடிகளெல்லாம் செய் என்றன, இது மட்டும் செய்யாதே என்கிறது. 'ஃபார்மட் பண்ணிடலாமா சார்?' என்ற கேள்விக்கு எதிராக எழுதிய அடி இது. விண்டோஸ் எழாததால் உள்ளே இருக்கும் கோப்புகள் போய்விட்டன என்று ஆகாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் நீலத்திரையோடு முடங்கின என்பது மைக்ரோசாப்ட்டின் மதிப்பீடு. அவற்றின் டிஸ்க்கில் பழுதில்லை. சேஃப் மோடில் நுழைந்து ஒரு கோப்பை நீக்கினாலே கணினி எழுந்தது. டிஸ்க்கே தேய்ந்து சாகும் நிலையிலோ, செக்டிஸ்க் போன்ற பழுதுநீக்கும் கட்டளைகள் அதை ஓயாமல் படிக்கவைத்து முடிவை விரைவாக்கக்கூடும். ஆகவே, பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றி, அதன் வழியே படங்களையும் ஆவணங்களையும் முதலில் வெளியே எடுக்கவும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். சொந்த லேப்டாப்பானால் அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனிலிருந்தே நுழைந்து பார்க்கலாம். அலுவலகத்தினது என்றால் ஐடி பிரிவைத்தான் கேட்க வேண்டும்.