புன்செய்க் காவலும் நாட்டுத் துப்பாக்கியும்: நெய்வேலி வட்டாரத்தை முன்னிட்டு மான் வேட்டைச் சட்டங்களின் வரலாறு (1878–1991)

ஆய்வுச் சுருக்கம்

சிறு நிலவுடைமை மிகுந்த தமிழகச் சமவெளியில், பயிரை மேயும் மானைத் துப்பாக்கியால் சுடுவது எப்போது சட்டப்படி இயன்றது, எப்போது அக்கம்பக்கத்தாருக்குத் தீங்கின்றி இயன்றது என்னும் இரு கேள்விகளையும் இக்கட்டுரை ஒருசேர நோக்குகிறது. ஆயுதச் சட்டம் உழவனுக்கு அனுமதித்த கருவியும் வனவிலங்குச் சட்டம் மானுக்கெனக் கோரிய கருவியும் வேறு வேறானவை. இவ்விரண்டுக்கும் இடையிலான முரணே சிறு உழவனின் துப்பாக்கியைப் பயனற்றதாக்கியது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: நெய்வேலி, தென்னாற்காடு, பயிர்க்காவல், பரண், நாட்டுத் துப்பாக்கி, ஆயுதச் சட்டம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்.

முன்னுரை

நெய்வேலி என்றவுடன் நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் நினைவுக்கு வருகின்றன. 1930களின் நடுப்பகுதியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956இல் நிறுவனம் தோன்றியது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. இவை பலரும் எழுதியவை. அதற்கு முன்பு அந்நிலம் செம்மண் மேட்டுநிலமாக, புன்செய்ப் பயிரும் புதரும் முந்திரியும் கலந்த பரப்பாக இருந்தது. இன்றைய கடலூர் மாவட்டத்தின் மேற்கே, வேப்பூரைச் சுற்றியுள்ள காப்புக்காடுகளில் புள்ளிமான்கள் இப்போதும் உள்ளன. காடும் வயலும் இவ்வாறு அடுத்தடுத்து அமைந்த இடங்களில் உழவனின் எதிரி புலியன்று. இரவில் வந்து கடலையையும் கம்பையும் பயறையும் மேய்ந்துவிட்டுப் போகும் மானும் பன்றியுமே.

காலனிய கால வேட்டை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நீலகிரி, ஆனைமலை போன்ற மலைப்பகுதிகளையே நோக்குகின்றன. ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிவைத்த வேட்டை நூல்கள் அங்கிருந்து வந்தவை என்பதே இதற்குக் காரணம். சமவெளியில் இரண்டு ஏக்கர் வைத்திருந்தவன் நூல் எழுதவில்லை. ஆயினும் அவனைக் குறித்துச் சட்டங்கள் பேசியுள்ளன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அவனது நிலை ஓரளவு விளங்கும்.

துப்பாக்கிக்கு முன்

தினைப்புனக் காவல் சங்க அகப்பாடல்களின் நிலைத்த களம். பகலில் கிளி ஓட்டும் மகளிர் தட்டையும் குளிரும் தழலும் கவணும் கொண்டிருந்தனர். இரவில் ஆடவர் பரண்மீதிருந்து யானையையும் பன்றியையும் விரட்டினர். இக்கருவிகளுள் பெரும்பாலானவை கொல்வதற்கு உரியவை அல்ல, ஓசை எழுப்புவதற்கு உரியவை. ஓட்டுதல் ஒரு தொழில், வேட்டம் வேறொரு தொழில் என்னும் பகுப்பு அங்குத் தெளிவாகவே உள்ளது.

மானைக் குறிக்கும் சொற்களின் பெருக்கமும் கருதத்தக்கது. இரலை, புல்வாய், உழை, நவ்வி, கடமா, மரை எனப் பிரித்தறிந்த மொழி பிற்கால வழக்கில் அனைத்தையும் ‘மான்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டது. விலங்கியலார் கொம்பு உதிர்க்கும் புள்ளிமானையும் கடமானையும் ஓர் இனமாகவும், கொம்பு உதிர்க்காத வெளிமானை வேறோர் இனமாகவும் கொள்வர். பயிரை மேய்ந்தது எது என்பதில் உழவனுக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. சட்டத்திற்கோ அதுவே பொருட்டாயிற்று என்பது பின்னர்க் காணப்படும்.

ஆயுதச் சட்டமும் பயிர்க்காவலும்

1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கு விலக்கும் இந்தியருக்கு உரிமமும் எனத் தொடக்கத்தில் அமைந்த இனப் பாகுபாடு காங்கிரசின் நீண்டகாலக் குறைகளுள் ஒன்று. எனினும் பயிரை அழிக்கும் விலங்குகளுக்கு எதிராக உழவனுக்கு உரிமம் வழங்கலாம் என்னும் கொள்கை அந்த ஆட்சியிலேயே இடம்பெற்றது. ஆட்சியாளர் அஞ்சியது உழவனின் துப்பாக்கியை மட்டுமன்று; நிலவரியை விளைவிக்கும் பயிர் அழிவதையும்தான்.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இக்கொள்கையைத் தெளிவான சொற்களில் எழுதியது. அதன் 13ஆம் பிரிவின்படி, உண்மையான பயிர்க்காவலுக்காகக் கேட்கப்படும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவதே முறை. அது போதாது என உரிம அதிகாரி கருதினால் மட்டும் வேறொரு வழுவழுப்புக் குழல் துப்பாக்கிக்கு வழங்கலாம். அதாவது, உழவனுக்கென வகுத்த கருவி நாட்டுத் துப்பாக்கி.

இத்தெரிவு தற்செயலானதன்று. நாட்டுத் துப்பாக்கியில் கருமருந்தைக் குழலின் வாய்வழி இட்டு, தக்கை வைத்து, ரவைகளைப் போட்டு, மீண்டும் தக்கை வைத்துக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். அடுத்த முறை சுடுவதற்கு நெடுநேரமாகும். கலகத்திற்கு அது உதவாது என்பது அரசின் கணக்கு. சிறு ரவைகள் சில நூறு கெஜத்துக்குள் வலுவிழந்துவிடும் என்பது அண்டை வீட்டானுக்குக் கிடைத்த ஆதாயம். அரசியல் அச்சத்தால் தேர்ந்த கருவி, நெருக்கமான ஊர்களுக்கும் ஓரளவு பொருந்தியது. மருந்து கூடினால் குழல் வெடிக்கும், ஈரமானால் நேரங்கழித்துப் பற்றும் என்பன போன்ற ஆபத்துகள் சுடுபவனைச் சார்ந்தவை.

நாட்டுத் துப்பாக்கியின் மற்றொரு பயனாளர் நரிக்குறவர் (குருவிக்காரர்). 2022இல் நாடாளுமன்றம் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க இசைந்த இச்சமூகத்தார் தம் நிலமின்றிப் பிறர் நிலத்தில் பறவையும் முயலும் நரியும் வேட்டையாடினர். நிலவுடைமையை அடிப்படையாகக் கொண்ட பயிர்க்காவல் உரிமம் அவர்களுடைய வாழ்வுக்குப் பொருந்தாதது. அது தனி ஆய்வுக்குரியது.

நிலத்தின் அளவும் குண்டின் தொலைவும்

2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உடைமையின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர், ஏறத்தாழ 1.85 ஏக்கர். அதைச் சதுர வடிவமாகக் கொண்டால் ஒரு பக்கம் சுமார் 87 மீட்டர். அதன் நடுவில் நிற்பவனுக்கு எத்திசையிலும் எல்லை 43 மீட்டரை ஒட்டியே தொடங்கும். நிலம் ஒரே துண்டாக இருப்பதும் அரிது. நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் கொடையாக அளித்ததாகப் பொதுவாகக் குறிப்பிடப்படும் 620 ஏக்கரைச் சதுரமாக்கினால் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு மைல் வரும். துப்பாக்கி குறித்த பாதுகாப்பு நிலவுடைமையோடு எவ்வளவு பிணைந்தது என்பதற்கு இவ்விரு சதுரங்களே போதும். முன்னதில் தவறிய குண்டு பிறன் நிலத்தில்தான் விழும்.

அவ்வாறாயின் சிறு நிலத்தில் தீங்கின்றிச் சுட்டவர் எவ்வாறு சுட்டனர்? விடை பரணில் இருக்கிறது. தரையில் நின்று 1.4 மீட்டர் உயரத்திலிருந்து 30 மீட்டர் தொலைவிலுள்ள மானைக் குறிவைப்பதாகக் கொள்வோம். குண்டு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், மானின் முதுகை உரசித் தவறினால் அதே கோட்டில் அது 105 மீட்டரில்தான் மண்ணைத் தொடும். அதாவது நிலத்தின் எல்லைக்கு வெளியே. நான்கு மீட்டர் உயரப் பரணிலிருந்து சுட்டு அதே உயரத்தில் தவறினால், 40 மீட்டரிலேயே மண்ணில் புதையும். பரண் நிலத்தின் ஓரத்தில் இருந்து உள்நோக்கிச் சுட்டால் குண்டு உடைமையை விட்டு வெளியேறாது. யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி எழுப்பிய பரண், துப்பாக்கி வந்தபின் அண்டை நிலத்தானுக்கும் காவலாயிற்று. இக்கணக்கு மென்மண்ணுக்கே பொருந்தும். நெய்வேலியை ஒட்டிய செம்மேட்டின் இறுகிய சரளை மண்ணில் சாய்வாக விழும் குண்டு தெறித்து எழவும் கூடும். முந்திரிக் காட்டின் தாழ்ந்த கிளைகளுக்கு அப்பால் யார் இருக்கிறார் என்பதைப் பரணும் காட்டாது.

வேட்டைச் சட்டங்கள்: மலையிலிருந்து சமவெளிக்கு

மதராஸ் மாகாணத்தில் வேட்டையை ஒழுங்குபடுத்தும் சட்டம் முதலில் மலைக்கே எழுதப்பட்டது. 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் அத்தகையது. 1882ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டம் காப்புக்காட்டுக்குள் விதிமுறைக்கு மாறாக வேட்டையாடுவதைத் தடுத்தது. காட்டின் எல்லைக்கு வெளியே, பட்டா நிலத்தில் மேயும் மானைப் பற்றி அதற்கு அக்கறையில்லை.

1912ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் மானையும் தன் பட்டியலில் சேர்த்து, வேட்டை கூடாத பருவத்தை அரசு அறிவிக்க இடமளித்தது. ஆயினும் தன்னுயிரையோ பிறர் உயிரையோ காப்பதற்காகவும், நல்லெண்ணத்துடன் உடைமையைக் காப்பதற்காகவும் கொல்வதற்கு அச்சட்டம் பொருந்தாது என அதிலேயே எழுதப்பட்டது. பயிரும் உடைமையே. ஆகவே 1912க்குப் பின் அறுபது ஆண்டுக்காலம், உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கியுடன் தன் வயலில் மானைச் சுட்ட உழவன் யாரிடமும் முன்கூட்டிக் கேட்க வேண்டியதில்லை. இரு சட்டங்களும் அக்காலத்தில் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. முதலில் தீர்மானம் நிறைவேற்றிய பதினொரு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. பின்னரே அதை ஏற்றது. உயிரைக் காக்கக் கொல்வது குற்றமன்று என்னும் விலக்கு இச்சட்டத்திலும் தொடர்ந்தது. உடைமைக்கான விலக்கு மறைந்தது. அதற்கு மாற்றாக, பயிர் உட்பட உடைமைக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கை வேட்டையாடத் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ எழுத்தால் ஆணையிடலாம் என்றது 11ஆம் பிரிவு. உழவன் தானே எடுத்த முடிவு இப்போது அலுவலகத்தின் முடிவாயிற்று. அதுவும் அன்று புள்ளிமானுக்கும் கடமானுக்குமே பொருந்தியது. வெளிமான் முதல் அட்டவணையில் இடம்பெற்றதால், பயிரை மேய்ந்தது என்பது அதைக் கொல்ல ஒரு காரணமே ஆகாது. மேலே குறித்த சொல் வேறுபாடு இங்குதான் வினையாற்றியது.

உரிமத்துடன் வேட்டையாட அச்சட்டம் தொடக்கத்தில் இடமளித்திருந்தது. அதற்கான கட்டுப்பாடுகளை 17ஆம் பிரிவு விதித்தது. ஊர்தியிலிருந்து சுடலாகாது, கண்ணியும் குழியும் நஞ்சும் கூடா, சூரியன் மறைந்தபின் உதிக்கும்வரை வேட்டையாடலாகாது, செயற்கை வெளிச்சம் கூடாது, நீர்நிலையில் பதுங்கிச் சுடலாகாது, தனியார் நிலத்தில் உரியவரின் இசைவு வேண்டும். பெருவேட்டை விலங்குகளை ரைஃபிளால் மட்டுமே சுடலாம். தனி அனுமதி இருந்தால் ஒற்றைக் குண்டிட்ட வழுவழுப்புக் குழல் துப்பாக்கியாலும் சுடலாம். மூன்றாம் அட்டவணையில் வைக்கப்பட்ட புள்ளிமான் பெருவேட்டை விலங்கு.

இவ்விதிகள் வேட்டையறம் பேணுபவை. ரவையால் புண்பட்டு ஓடி நாள்கணக்கில் துன்புற்றுச் சாவதைவிட, ரைஃபிள் குண்டால் உடனே வீழ்வது மானுக்கு மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தியாவில் விளையாட்டு வேட்டைக்கெனப் பரவலாகக் கிடைத்த .315 ரைஃபிளின் குண்டு ஒரு மைலுக்கும் அப்பால் செல்ல வல்லது. மலைச்சரிவு அதைத் தாங்கும். 87 மீட்டர் சதுரமும் அதன் நாற்புறமும் ஆள்நடமாட்டமும் உள்ள சமவெளி தாங்காது. ஆயுதச் சட்டம் உழவனிடம் தந்த நாட்டுத் துப்பாக்கியோ மானுக்கு ஏற்கப்பட்ட கருவியன்று. மான் வரும் நேரமாகிய இரவு தடை செய்யப்பட்ட நேரம். வெளிச்சமின்றி இரவில் சுடுவது மிக ஆபத்தானது. வெளிச்சத்துடன் சுடுவது சட்ட விரோதம். மானுக்கு நல்லதும் அண்டை வீட்டானுக்கு நல்லதும் ஒரே விதியில் அடங்கவில்லை என்பதைச் சட்டம் இயற்றியோர் எண்ணியதாகத் தெரியவில்லை. அவர்கள் மனத்தில் இருந்த வேட்டைக்காரர் நிலம் காப்பவரல்லர். வேட்டைக்கெனக் காட்டுக்குச் செல்பவர்.

1991ஆம் ஆண்டின் திருத்தம் உரிம வேட்டையை முற்றாக நிறுத்தியது. அத்துடன் 17ஆம் பிரிவும் நீக்கப்பட்டது. வேட்டையே இல்லாதபோது அதற்கான ஒழுங்குமுறை எதற்கு என்பது தருக்கப்படி சரியே.

நகரியமும் அதன் பின்னரும்

நெய்வேலியில் இம்மாற்றம் சட்டத்துக்கு முன்பே மண்ணில் நிகழ்ந்துவிட்டது. புன்செய்களும் புதர்களும் கையகப்படுத்தப்பட்டன, ஊர்கள் பெயர்க்கப்பட்டன, நேர்கோட்டுச் சாலைகளும் வட்டங்களும் கொண்ட நகரியம் எழுந்தது. பரண் நின்ற நிலத்தில் குடியிருப்பு வந்தபின் அங்குப் பயிர்க்காவல் உரிமத்துக்கு அடிப்படையே இல்லை. சுரங்கத்தைச் சூழ்ந்த ஊர்களில் மட்டும் முந்திரியும் கடலையும் நீடித்தன.

சட்டப் புத்தகத்தில் நாட்டுத் துப்பாக்கிக்கான பிரிவு இன்றும் உள்ளது. துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற வேண்டும், பாதுகாப்பாக வைக்கும் ஏற்பாடு வேண்டும் என்பவற்றை 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் விரிவாக வகுத்தன. மானைச் சுடும் உரிமை மறைந்து கால் நூற்றாண்டு கழித்து உழவனுக்குப் பயிற்சி வந்தது!

இடைக்காலத்தில் வயலோரத்துக்கு வேறொரு கருவி வந்திருந்தது. துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு மனிதனும் அவன் கண்ணும் இருந்தன. சட்டவிரோதமாக மின்கம்பத்திலிருந்து நேரே இணைத்த கம்பிக்கு இரண்டும் இல்லை. மானையும் பன்றியையும் கொன்றது போலவே, விடியற்காலையில் வரப்பில் நடந்தவரையும் அது கொன்றது. தமிழக அரசு 2023இல் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பன்றிகளுக்கு மட்டும், காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என முடிவாயிற்று. ஒரு கிலோமீட்டருக்குள் சுடவும் பிடிக்கவும் கூடாது. இடைப்பட்ட தொலைவில் பிடித்துக் காட்டில் விடலாம். உழவனின் நிலம் இப்போது அதன் பரப்பால் அன்றி, காட்டிலிருந்து அது இருக்கும் தொலைவால் அளக்கப்படுகிறது. மானைப் பற்றி இவ்வாணையில் ஏதும் இல்லை.