ஜெர்மனி ஆலயங்களில் தமிழ்த் திருப்பலி: புலம்பெயர்ந்த கிறிஸ்தவர்களுக்கு தனி மையங்கள் ஏன்?

ஜெர்மனியின் பெரிய நகரங்களில் ஞாயிறு காலை ஜெர்மன் திருப்பலி நடந்த ஆலயத்திலேயே, மதியத்துக்கு மேல் போலிஷ், குரோவேஷியன், தமிழ் என வேறு மொழியில் இன்னொரு திருப்பலி நடப்பது சாதாரண விஷயம். ஆலயமும் ஒன்று, வழிபாட்டு முறையும் ஒன்று. அப்புறம் எதுக்கு தனித்தனி கூட்டம்?

தொழிலாளர்களோடு வந்த குருக்கள்

போருக்குப் பிறகு ஜெர்மன் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1955-ல் இத்தாலி, 1960-ல் ஸ்பெயின், கிரீஸ், 1964-ல் போர்ச்சுகல், 1968-ல் யூகோஸ்லாவியா என ஒவ்வொரு நாடாக ஒப்பந்தம் போட்டு தொழிலாளர்களை வரவழைத்தார்கள். அதற்கு முன்பே, 1952-ல், புலம்பெயர்ந்தவர்களுக்கு அவர்களுடைய மொழி பேசும் குருக்களையே நியமிக்க வேண்டும் என்று போப் 12-ம் பயஸ் விதிமுறை வகுத்திருந்தார். ஜெர்மனியில் தாய்மொழிச் சமூகங்கள் பரவலாக உருவானது இப்படித்தான்.

வேலை திருப்பலியோடு முடியவில்லை. வீட்டு வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு, குழந்தையின் பள்ளிச் சேர்க்கை என எல்லாவற்றுக்கும் ஆலோசனை தேவைப்பட்டது. இத்தாலியர்களையும் ஸ்பானியர்களையும் கத்தோலிக்க அமைப்பான காரித்தாஸ் கவனித்துக்கொண்டது. கிரேக்கர்களுக்கு புராட்டஸ்டண்ட் சபையின் டியாகோனி அமைப்பு உதவியது.

இந்தியர்களும் ஈழத்தமிழர்களும்

1960-களில் கேரளாவிலிருந்து இளம்பெண்கள் செவிலியர் பணிக்காக ஜெர்மனி சென்றார்கள். பலரை அழைத்துச் சென்றதே கத்தோலிக்கத் திருச்சபை. 1983 வன்முறைக்குப் பிறகு ஈழத்தமிழர்கள் அகதிகளாக வந்து சேர்ந்தார்கள்.

டச்சு எல்லையை ஒட்டிய கெவெலார் என்ற சிற்றூரில் 1642 முதல் வணங்கப்படும் மாதா திருத்தலம் இருக்கிறது. அங்கிருப்பது கையளவு காகிதத்தில் அச்சான ஒரு படம், அவ்வளவுதான். ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் அங்கே தமிழர் யாத்திரை நடக்கிறது. ஆயிரக்கணக்கில் வருபவர்களில் இந்துக்களும் நிறைய. மடு மாதாவிடமும் வேளாங்கண்ணியிலும் மதம் பார்க்காமல் நேர்ச்சை வைத்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவுமில்லை.

மொழி மட்டும்தான் காரணமா?

கடைக்குப் போக, வேலை பார்க்க ஜெர்மன் போதும். பாவசங்கீர்த்தனம் செய்ய, இறந்த அம்மாவுக்காக ஜெபிக்க அது போதாது என்பதை அங்கே வாழ்பவர்கள் நன்றாக அறிவார்கள். திருமணத் தயாரிப்பு, புதுநன்மை வகுப்பு, அடக்கச் சடங்கு போன்றவற்றில்தான் இந்த மையங்களின் தேவை தெரிகிறது. புதிதாக வந்தவருக்கு வேலை, வீடு பற்றிய முதல் தகவல் கிடைப்பதும் பெரும்பாலும் திருப்பலிக்குப் பிந்தைய டீ நேரத்தில்தான்.

சிக்கல் அடுத்த தலைமுறையில். அங்கேயே பிறந்த பிள்ளைகள் ஜெர்மனில் சிந்திக்கிறார்கள்; தமிழ் மறையுரை பாதிதான் புரிகிறது. தனி மையம் அவர்களைப் பிரித்து வைக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் மையத்தை மூடினால் பிள்ளைகள் தானாகவே ஜெர்மன் பங்குக்குப் போய்விடுவார்கள் என்று நம்புவதற்குப் பெரிய காரணம் இல்லை.

இன்னொரு உரசல், விருந்தாளி நிலை. ஆலயச் சாவி யாரிடம், எத்தனை மணிக்கு ஹாலை காலி செய்ய வேண்டும், சமையலறையில் மீன் குழம்பு வைக்கலாமா என்பதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். மரியாதை பிரச்சனை தொடங்குவதே அங்கேதான். ஹாம்பர்க் நகரின் போர்க்ஃபெல்டே பகுதியில் புராட்டஸ்டண்ட் ஆலயத்தில் செயல்படும் ஆப்பிரிக்க மையம் வேறு வழியைக் காட்டுகிறது. ஆப்பிரிக்கர்களும் ஜெர்மானியர்களும் அங்கே சேர்ந்தே வழிபாடு நடத்துகிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஜெர்மனியில் திருச்சபை வரி உண்டு. வருமான வரித் தொகையில் 9%; பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8%. தாய்மொழிக் குருக்களின் சம்பளத்துக்கும் முக்கிய ஆதாரம் இதுதான். ஆனால் 2022-ல் மட்டும் 5.2 லட்சத்துக்கும் அதிகமானோர் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து விலகினார்கள். வருமானம் சுருங்கும்போது மறைமாவட்டங்கள் பங்குகளை ஒன்றிணைக்கின்றன, கட்டடங்களைக் கைவிடுகின்றன. அந்தக் கட்டடத்தில் மதியத் திருப்பலி நடத்தி வந்தவர்களும் இடம் தேட வேண்டியதாகிறது.

ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. குடியிருப்புப் பதிவு அலுவலகத்தில் மதம் என்ற இடத்தில் 'கத்தோலிக்கர்' என்று எழுதினால், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இருப்பவர்களின் சம்பளத்தில் இந்த வரியும் பிடிக்கப்படும். பிறகு அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து விலகினால் வரி நிற்கும். ஆனால் 2012-ல் ஜெர்மன் ஆயர்கள் வெளியிட்ட ஆணைப்படி, அப்படி விலகியவர்கள் நற்கருணை பெறவோ ஞானப் பெற்றோராக நிற்கவோ முடியாது.