கடல் கடந்து வந்த ஆசிரியைகள்

பேசின் பிரிட்ஜில் இரயில் நின்றுவிட்டால் நாம் சலித்துக்கொள்கிறோம். சென்ட்ரல் கூப்பிடு தூரத்தில் இருக்க, சைகை விழவில்லையே என்று முணுமுணுக்கிறோம். 1842 ஜனவரியில் இந்நகருக்கு வந்து சேர்ந்த அயர்லாந்துக் கன்னியரை நினைத்தால் அச்சலிப்பு நமக்கே நாணம் தரும்.

அன்னை சேவியர் கரன் தலைமையில் வந்த பிரசன்டேஷன் சபைச் சகோதரியர் அவர்கள். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் 27 ஆண்டுகள் இருந்தன. சென்னைக்குத் துறைமுகமும் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே பயணிகளை அலை கடத்திக் கரை சேர்த்தன. இராயபுரம் இரயில் நிலையம் 1856இல்தான் வந்தது.

இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் கருப்பர் நகரத்தில் அவர்கள் பள்ளி தொடங்கினர். கும்பெனிப் படையில் பணியாற்றிய ஐரிஷ் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காகவே, சிறப்பாக அநாதைகளுக்காகவே, அவர்கள் அழைக்கப்பட்டிருந்தனர்.

இங்கே சற்று நிற்போம். அச்சபையை 1775இல் நிறுவிய நானோ நேகிள், கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதே குற்றமாயிருந்த நாளில் கார்க் நகரில் மறைவாகப் பள்ளி திறந்தவர். அயர்லாந்தில் ஆங்கிலம் ஆண்டவர் மொழி. ஐரிஷ் மொழியோ வீட்டு மொழி. அந்நாட்டு மகளிரே இங்கு வந்து ஆங்கிலம் கற்பித்தனர். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் மறைப்பதும் நேர்மையன்று. படைவீரர் பலர் இங்கேயே மணம் புரிந்தவர்கள். அவர்தம் மகள் பள்ளியில் கேட்டது தந்தையின் மொழி; வீட்டில் தாய் அழைத்ததோ பெரும்பாலும் தமிழில்.