பத்து வெள்ளியும் ஒரு தோட்டமும்

கோலா பிலா வட்டாரத்துப் பால்மரக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழருக்குத் தமதென்று சொல்ல ஒரு சாண் நிலமும் இருந்ததில்லை. லயத்து வீடு தோட்டத்திற்குரியது. வேலை போனால் வீடும் போகும். கோயிலும் தமிழ்ப் பள்ளியும் நின்றதுகூடத் தோட்ட நிலத்திலேதான்.

இந்நிலையின் கொடுமை 1950களில் முழுமையாக வெளிப்பட்டது. விடுதலைக் காலத்தில் ஆங்கிலேய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கிய இடைத்தரகர்களோ அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்து ஆதாயம் கண்டனர். நெகிரி செம்பிலான் உள்ளிட்ட பல மாநிலங்களை வாட்டிய இதனையே மக்கள் ‘தோட்டத் துண்டாடல்’ என்றனர். துண்டு நிலத்தின் புதிய உரிமையாளர் சிலரையே வேலைக்கு வைத்துக்கொண்டார். மருத்துவ வசதியும் குழந்தைக் காப்பகமும் அவருக்கு வீண்செலவு. பெற்றோர் இடம்பெயர, பள்ளியின் மாணவர் எண்ணிக்கையும் சரிந்தது. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

இதற்கு மாற்றுக் காண 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களைத் துண்டாடாமல் முழுமையாக வாங்குவதே திட்டம். நாட்கூலியில் வாழ்ந்தவர்க்குப் பத்து வெள்ளி சிறிய தொகையன்று. அமைச்சராயிருந்த அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று பேசி நம்பிக்கையை ஊட்டினார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னர்ப் பல தோட்டங்கள் சேர்ந்தன.

கூட்டுறவு இம்மக்களுக்குப் புதியதன்று. 1922ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் தோட்டங்களில் சிக்கன நாணயச் சங்கங்கள் தோன்றியிருந்தன. அவை வட்டிக்கடைக்காரரிடமிருந்து காத்தன, நிலத்தைத் தரவில்லை. நிலநிதிச் சங்கம் அவ்வெல்லையைக் கடந்தது. இலாபத்தை ஈட்டியும், அதனை உறுப்பினர்க்கே பங்கீடாகத் திருப்பியும் தந்த முயற்சி அது. வணிகமும் தொண்டும் ஒன்றோடொன்று பகையல்ல என்பதை எழுத்தறியாத தொழிலாளியும் அதில் உணர்ந்தான்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. பங்குதாரன் உரிமையாளன்தான், ஆனால் விடியற்காலையில் மரம் வெட்டச் சென்றவன் கூலியாளாகவே சென்றான். 1956இல் தோன்றிய பெல்டா குடியேறிகளுக்குத் தனி நிலம் அளித்தது. அவர்களுள் தமிழர் மிகச் சிலரே. சங்கத்தின் நிலமோ கூட்டுடைமை. லயத்து வீட்டுக்கு அது தனிப்பட்டாவைத் தரவில்லை.

1979இல் சம்பந்தன் மறைந்தார். அவர் பெயர் தாங்கிக் கோலாலம்பூரில் நிற்கும் விஸ்மா துன் சம்பந்தன் அச்சங்கத்தின் உடைமையே.