ஸ்டேட்டினும் பயிற்சி செய்யும் தசையும்

கொலஸ்ட்ராலைக் குறைக்க ஸ்டேட்டின் உட்கொள்வோரில் அன்றாடம் ஓடுபவர்களும் வேகநடை போடுபவர்களும் கணிசம். அவர்களுக்குக் கெண்டைக்காலில் வலி கண்டால் பழி முதலில் மாத்திரை மீதே விழுகிறது. வலி வருகிறதா, தசை சிதைகிறதா, பயிற்சியின் பலன் குறைகிறதா என்ற மூன்று கேள்விகள் அந்தப் பழியில் கலந்து கிடக்கின்றன. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றொன்றுக்கு விடையாக்குவதாலேயே பலர் தேவையின்றி மருந்தைக் கைவிடுகிறார்கள்.

வலியைப் பற்றிய சான்றுகள் வலுவானவை. 2013இல் வெளியான ஸ்டாம்ப் ஆய்வில் உடல்நலமுள்ள 420 பேர் 6 மாதங்கள் 80 மி.கி. அட்டோர்வாஸ்டேட்டினையோ போலி மாத்திரையையோ உட்கொண்டனர். தசைவலி மருந்துக் குழுவில் 9.4 விழுக்காடு, மற்றதில் 4.6. ஆனால் தசைவலிமையிலும் உடற்பயிற்சித் திறனிலும் வேறுபாடு இல்லை. 2022இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு, போலி மாத்திரையோடு ஒப்பிட்ட 19 சோதனைகளைத் திரட்டி, தசைவலிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவை மருந்தால் வந்தவை அல்ல என்று கண்டது.

தசைச் சிதைவுக்குப் பயிற்சியின் கடுமையே அளவுகோல். நெதர்லாந்தின் நைமேகன் நடைப்பயணத்தில் நாளுக்கு 30 முதல் 50 கி.மீ. வரை நான்கு நாட்கள் நடந்தவர்களிடம் ஸ்டேட்டின் கூடுதல் சேதம் விளைவிக்கவில்லை. மாறாக, 2011 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய ஸ்டேட்டின் பயனாளர்களுக்கு, தசைச் சேதத்தைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி மற்றவர்களைவிட அதிகம் உயர்ந்தது. மருந்து இல்லாமலே கடும் ஓட்டம் இந்நொதியை உயர்த்தும் என்பதால், சில நாள் ஓய்வுக்குப் பிறகே இரத்தம் எடுக்க வேண்டும். ஓடிய மறுநாளே சோதித்துவிட்டு மருந்தைக் குற்றஞ்சாட்டுவது முறையன்று. கடும் தசைச் சிதைவின் அறிகுறியாகச் சிறுநீர் கருத்துப்போனால் மட்டும் காத்திருக்கலாகாது. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மூன்றாவது கேள்வியே என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது. 2013இல் மிசௌரி பல்கலைக்கழகத்தார் உடற்பருமன் கொண்டவர்களுக்கு 12 வாரம் பயிற்சியளித்தனர். பயிற்சி மட்டும் செய்தவர்களின் உடல்தகுதி 10 விழுக்காடு கூடியது. அதோடு 40 மி.கி. சிம்வாஸ்டேட்டினும் உட்கொண்டவர்களுக்கு 1.5 மட்டுமே. தசையின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிட்ரேட் சின்தேஸ் நொதியின் செயல்பாடு முதல் குழுவில் 13 விழுக்காடு ஏற, இரண்டாம் குழுவில் 4.5 இறங்கியது. ஆய்வுக்குட்பட்டோர் 37 பேரே. ஒரே மருந்து, ஒரே அளவு. ஆயினும் தசையின் ஆற்றல் உற்பத்தி வரை சென்று அளந்த இம்முடிவை ஒதுக்க முடியாது. வலியில்லை என்பதைக் கொண்டு இதற்கு விடை சொல்லவும் இயலாது.

அதற்காக மருந்தை நிறுத்துவது சரியாகாது. அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 10,043 பேரை ஆராய்ந்த கொக்கினோஸ் குழுவினர், ஸ்டேட்டினும் உடல்தகுதியும் தனித்தனியே இறப்பு விகிதக் குறைவோடு தொடர்புடையவை என்றும், இரண்டும் சேர்ந்தவர்களுக்கு அது மேலும் குறைவு என்றும் கண்டனர். பரம்பரைக் கொலஸ்ட்ரால் மிகை உள்ள ஓட்டக்காரர் எவ்வளவு ஓடினாலும் கொலஸ்ட்ராலை இரத்தத்திலிருந்து அகற்ற வேண்டிய, குறைபட்ட எல்டிஎல் ஏற்பி சீராகாது. அவருக்கு வலி தொந்தரவாக இருந்தால் அளவைக் குறைக்கலாம், ரோசுவாஸ்டேட்டின் போன்ற வேறொன்றுக்கு மாற்றலாம், ஸ்டேட்டின் அல்லாத எசெட்டிமிபைச் சேர்க்கலாம். இவற்றை முயன்று பாராமல் மாத்திரையா ஓட்டமா என்று அவரைத் தேர்வு செய்யச் சொல்வதற்கு மருத்துவ நியாயம் இல்லை.