நாள் என்பது மீனே

கடிகையைக் கழுத்தில் ஆரமாகத் தொங்கவிட்டார்களாம். அதனால் 'கடிகாரம்' வந்ததாம். வாட்ஸாப்பில் ஓயாமல் சுற்றும் கதை. தெலுங்கர் 'கடியாரம்' என்கிறார்கள், கன்னடர் 'கடியார' என்கிறார்கள். மராத்தியில் அது 'கடியாள்' என ளகரத்தில் முடிகிறது. அங்கே ஆரம் எங்கே போயிற்று? கடம் என்றால் குடம். கடிகை சிறு குடம். அடியில் துளையிட்டு நீரில் மிதக்கவிட்டால் அது மூழ்க 24 நிமிடம். அவ்வளவுதான். முல்லைப்பாட்டில் பொழுதளக்கும் 'கன்னல்' நெடுநல்வாடையில் குடிநீர்க் கலம். கலத்தின் பெயரே காலத்துக்கும் ஆயிற்று. சோளிங்கர் திருக்கடிகை ஆனதும் இப்படித்தான்: ஒரு கடிகை தங்கினாலே வீடுபேறு என்கிறது தலபுராணம்.

நான் சொல்ல வந்தது வேறு. வானம் பார்ப்போர் கட்டும் ஒருவகை வாட்ச் உண்டு. நம் வாட்ச் சூரியனுக்கு ஓடுகிறது, அது விண்மீனுக்கு. ஒரு மீன் உச்சியைக் கடந்து மீண்டும் உச்சிக்கு வர 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. பழைய சாவி கொடுக்கும் வாட்சின் பின்மூடியைத் திறந்து, வேகம் திருத்தும் சிறு முள்ளைத் தள்ளி, தினம் ஏறக்குறைய 4 நிமிடம் முந்தவிட்டாலே போதும் என்பார்கள். அது 5.55 காட்டினால் திருவாதிரை உச்சியில், 1.25 (24 மணிக் கணக்கில் 13.25) என்றால் சித்திரை. நெய்வேலிச் சுரங்க விளக்குகளால் இரவு வெளுத்துக் கிடக்கும் வளையமாதேவிப் பக்கம், மங்கல் மீன்களைத் தேடுகிறவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

இந்த வாட்சுக்கு 'விண்மீன் நேரக் கடிகாரம்' என்று மூன்று சொல் அடுக்குகிறார்கள். தேவையில்லை. 'நாள்' இருக்கிறது. தொல்காப்பியக் களவியல் ஓரையோடு சேர்த்துச் சொல்லும் நாள் விண்மீன்தான். ஓரை கிரேக்கமா தமிழா என்ற சண்டை வேறு. அதற்குள் நான் போகவில்லை. அகநானூறு 86-இல் மணம் நடக்கும் நாளுக்கு உரோகிணி என்றே உரை. 'நாள் எது?' என்று மலையாளி கேட்டால் இன்றும் பிறந்த நட்சத்திரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

புறநானூறு 229-ஐப் பாருங்கள். பங்குனி நள்ளிரவில் எரிமீன் விழக் கண்ட கூடலூர் கிழார், மூன்று நாண்மீன்களைக் கொண்டு பொழுதைக் குறிக்கிறார். உச்சியினின்று சாய்வது உத்தரம், எதிரே எழுவது அதற்கு எட்டாம் மீனான மூலம், தாழ்வது அந்தப் பக்கத்து எட்டாம் மீனான மிருகசீரிடம் என்று பழைய உரை விரிக்கிறது. இன்றும் பங்குனி நள்ளிரவில் வெளியே வந்து பார்த்தால் ஏறக்குறைய இதே நிலைதான். விண்மீன் வாட்சின் முள் 12-ஐ ஒட்டி நிற்கும். கையில் கட்டவில்லையே தவிர, புலவர் பார்த்தது அந்த முகப்பைத்தான்.

பகலிரவைக் குறித்த சொல்லே பிறகு மீனுக்கு ஆகிவந்தது என்பாரும் உளர். அந்தச் சண்டைக்குள்ளும் நான் போகவில்லை. எது முதலில் வந்திருந்தாலும், உரைகளில் நாள் மீனையும் குறிக்கிறது. அந்த வாட்சுக்கு 'நாட்கடிகை' என்பதே பெயர் என்பது என் துணிபு.