உலைக்களம் உணர்த்தும் உண்மை

‘ஃபித்னா’ என்பது நம்மவர் நாவில் நாள்தோறும் புழங்கும் சொல். குடும்பத்தில் பூசல் மூண்டாலும், ஊரில் கலகம் எழுந்தாலும் “ஃபித்னா வந்துவிட்டது” என்கிறோம். இச்சொல்லின் வேர் பொற்கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கிறது என்பதை நம்மில் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? பொன்னையும் வெள்ளியையும் தீயிலிட்டு உருக்கி, நல்லது இது, கலப்பு இது எனப் பிரித்தறிவதே அதன் முதற்பொருள் என்று, 13ஆம் நூற்றாண்டில் இப்னு மன்ளூர் தொகுத்த ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதி விளக்குகிறது. சோதனை என்ற பொருளும், குழப்பம் என்ற பொருளும் பின்னர்க் கிளைத்தவை.

அரபியின் உடன்பிறந்த மொழியாகிய எபிரேயத்திலும் இவ்வுவமை ஆழ வேரூன்றியுள்ளது. கொல்லனின் உலையை அரபியர் ‘கூர்’ என்பர்; எபிரேயரும் ‘கூர்’ என்றே வழங்கினர். பனூ இஸ்ராயீல் மக்கள் எகிப்தில் ஃபிர்அவ்னின் கீழ் அடிமைப்பட்டுக் கிடந்த காலத்தை ‘இரும்புலை’ என்றே பழைய ஏற்பாட்டின் உபாகமம் சுட்டுகிறது. வெள்ளிக்கு மூசையும் பொன்னுக்கு உலையும் இருப்பதுபோல, உள்ளங்களைச் சோதிக்க இறைவன் இருக்கிறான் என்பது நீதிமொழிகளின் கருத்து.

உலையில் வைப்பது எதற்காக? தண்டிப்பதற்கா, அழிப்பதற்கா? இவ்வினாவுக்கு விடை காண, அந்நாளைய உலோகத் தொழிலைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும்.

அக்காலத்தில் நாணயம் கிடையாது. வெள்ளித் துண்டுகளைத் தராசில் நிறுத்தே கொடுக்கல் வாங்கல் நடந்தது. ‘ஷெக்கல்’ என்ற சொல்லுக்கே எடை என்பதுதான் பொருள். ஒரு ஷெக்கல் ஏறத்தாழ 11 கிராம். நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் துணைவியார் ஸாரா அம்மையாரை அடக்கம் செய்வதற்கு மக்பேலா குகையை 400 ஷெக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினார்கள் என்று ஆதியாகமம் கூறும். அக்குகை அமைந்த கலீல் நகருக்குத் தெற்கே, ஸமூஉ என்னும் ஊரில், இத்தகைய வெள்ளித் துண்டுகள் நிறைந்த ஐந்து மட்கலங்கள் 1968இல் கண்டெடுக்கப்பட்டன.

நிறுத்து வாங்கும் வெள்ளியில் எடையை ஏமாற்றுவதைவிடத் தரத்தை ஏமாற்றுவது எளிது. கி.மு. 1200ஐ ஒட்டிப் பேரரசுகள் சரிந்து, கடல் வாணிகம் குன்றி, வெள்ளிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. அக்காலத்து வெள்ளிப் புதையல்களைப் பகுத்தாய்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வொன்று வியப்பான செய்தியைத் தருகிறது. கானான் நாட்டு வெள்ளியில் பெருமளவு செம்பு கலக்கப்பட்டிருந்தது; சிலவற்றில் பாதிக்கும் மேல் செம்பே! செம்பு மிகுந்தால் நிறம் காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா? அதை மறைக்கப் பாஷாணச் சத்தைச் சேர்த்து வெண்மை ஏற்றியிருக்கின்றனர். பார்வைக்கு வெள்ளி, உள்ளே செம்பு.

அதை எவ்வாறு கண்டறிவது? தீ ஒன்றே வழி. ஐயத்திற்குரிய வெள்ளியைக் காரீயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பல் போன்ற, ஈர்த்துக்கொள்ளும் தன்மையுள்ள பொருளாலான ஆழமற்ற கலத்தில் இட்டு, ஏறத்தாழ 1000 பாகை வெப்பத்தில் உருக்குவர். துருத்தியால் காற்றை மேலே செலுத்துவர். காற்றுப் பட்ட காரீயம், நம் நாட்டு வைத்தியர்கள் ‘மிருதார்சிங்கி’ என வழங்கும் பொருளாக மாறும். அவ்வாறு மாறுகையில் செம்பு முதலிய கலப்புகளையும் அது தன்னோடு இழுத்துச் செல்லும். கலத்தின் சுவர் அதனை உறிஞ்சிக்கொள்ளும். இறுதிப் படலமும் விலகிய அந்நொடியில் உருகிய வெள்ளி பளிச்சென ஒளிவிடும். சிரியாவில் ஃபுராத் நதிக்கரையிலுள்ள ஹபூபா கபீராவில் கிடைத்த எச்சங்கள், கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டிலேயே இக்கலை வழக்கில் இருந்ததைக் காட்டுகின்றன.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. அத்துணைக் கடுந்தீயும் வெள்ளியைத் தின்றுவிடுவதில்லை. அதனோடு ஒட்டியிருந்ததைத்தான் பிரிக்கிறது.

உலையருகே நின்றவர் எத்தகையோர்? அடிமைகளும் கடைப்பட்டோருமே என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. அகபா வளைகுடாவுக்கு வடக்கே திம்னா பள்ளத்தாக்கில் பழங்காலச் செம்புச் சுரங்கங்கள் உள்ளன. மதில் சூழ்ந்த உலைக்களமாகிய அங்குள்ள குன்றொன்றுக்கு, ஆய்வாளர் ‘அடிமைகள் குன்று’ என்றே பெயரிட்டிருந்தனர். அண்மை ஆண்டுகளின் அகழாய்வு அக்கருத்தைப் புரட்டிவிட்டது. கரிமக் காலக்கணிப்பின்படி அவ்வுலைகள் ஓங்கி எரிந்தது கி.மு. 11, 10ஆம் நூற்றாண்டுகளில். அதாவது தாவூது நபி, சுலைமான் நபி (அலை) ஆகியோரின் காலத்தை ஒட்டி. அங்குக் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, உலைத் தொழிலாளர்க்கே ஆட்டிறைச்சியின் சிறந்த பகுதிகள் அளிக்கப்பட்டன என்றும், தொலைவிலுள்ள மத்தியதரைக் கடலின் மீனும் அவர்கட்கு வந்து சேர்ந்தது என்றும் 2014இல் அறிஞர் எடுத்துரைத்தனர். அரசர்க்கு உரியதெனப் போற்றப்பட்ட கடற்சிப்பிச் செந்நீலச் சாயம் தோய்ந்த துணித் துணுக்குகளும் அப்பள்ளத்தாக்கில் கிடைத்திருப்பதாக 2021இல் அறிவித்தனர்.

தீயின் நிறம் கண்டு பதம் அறிபவன் மதிப்புக்குரியவனாகவே இருந்தான். இல்லையேல், இறைவன் மனிதரைச் சோதிப்பதற்கு அவன் தொழிலை உவமையாக்க எவர்க்கும் மனம் வந்திருக்குமா?

திருக்குர்ஆனும் இக்கைத்தொழிலுக்கு உயர்வளிக்கிறது. தாவூது நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டது என்றும், சுலைமான் நபி (அலை) அவர்களுக்கு உருகிய செம்பின் ஊற்று ஓடச் செய்யப்பட்டது என்றும் ஸபா அத்தியாயம் பேசுகிறது. செம்பு 1085 பாகையில் உருகி ஓடும். இரும்பு உருக 1538 பாகை வேண்டும். அப்பகுதியின் அந்நாளைய உலைகள் அவ்வெப்பத்தை எட்டவில்லை. ஆகவே இரும்பைக் காய்ச்சி, இளக்கி, அடித்தே உருவாக்கினர். இரும்புக்கு இளகுதலையும் செம்புக்கு ஓடுதலையும் உரிமையாக்கிய அச்சொல்லாட்சி, தொழிலின் இயல்போடு எத்துணைப் பொருந்தி நிற்கிறது! கவச வளையங்களை அளவோடு கோக்குமாறு பணித்த அதே வசனம், நற்செயல் புரியுமாறும் உடனே பணிக்கிறது. பட்டறையின் ஒழுங்கும் வாழ்வின் ஒழுங்கும் அங்கே ஒன்றாகின்றன.

பாபிலோனியச் சிறையிருப்பு முடிந்த பின்னர் எழுந்த மல்கியாவின் நூல், இறைவனின் செயலை வெள்ளியைப் புடமிட அமர்ந்திருப்பவனுக்கு ஒப்பிடுகிறது. ‘அமர்ந்திருத்தல்’ என்பது வெற்றுச் சொல்லன்று. துருத்தி தளர்ந்தால் உலோகம் உறைந்துவிடும். உரிய நேரத்திற்கு முன் எடுத்தால் கலப்பு தங்கிவிடும். கண்ணை அகற்றாமல் இருந்தாக வேண்டிய தொழில் அது. அவ்வாறு புடமிடப்படுவோர் யார்? லேவியின் மக்கள், வழிபாட்டை நடத்திவைக்கும் குருமார்! சமயத்தின் காவலர் எனத் தம்மைக் கருதியோர்க்கே நெருப்பு முதலில் வைக்கப்படுகிறது.

ஆயினும் புடம் எப்போதும் வெற்றி பெறுவதில்லை. பாபிலோனியர் ஜெரூசலத்தை அழிக்கும் முன்னரே அங்கு எச்சரித்து நின்றவர் எரேமியா. தம் மக்களைச் சோதித்தறியும் மாற்றுக் காண்பவராகவே தாம் நியமிக்கப்பட்டதாக அவர் நூல் கூறும். ஆனால் அவர் கண்ட முடிவு துயரமானது. துருத்தி ஊதிற்று, காரீயம் முழுதும் எரிந்து தீர்ந்தது, புடமிட்டவன் உழைப்போ வீணாயிற்று, தீயது பிரியவில்லை. எனவே அம்மக்கள் ‘தள்ளுபடியான வெள்ளி’ ஆயினர். தொழிலறிந்தார் இதன் நுட்பத்தை உணர்வர். கலப்பு அளவு மீறிவிட்டால், இட்ட காரீயம் தீர்ந்த பின்னும் செம்பு போகாது. நெருப்பும் உண்டு, உழைப்பும் உண்டு. தூய்மை மட்டும் இல்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றிலும் இதற்கொப்ப ஒரு நிகழ்ச்சி உண்டு. பைஅத் செய்துகொண்ட நாட்டுப்புற அரபி ஒருவரை மதீனாவில் காய்ச்சல் பற்றிக்கொண்டது. அவரோ தம் உறுதிமொழியைத் திரும்பப் பெற வேண்டினார்; அண்ணலார் மறுத்தும் கேளாமல் ஊரைவிட்டே போய்விட்டார். அப்போது நாயகம் அவர்கள் மதீனாவைக் கொல்லனின் துருத்தியுலைக்கு ஒப்பிட்டார்கள்; அது கசடை அகற்றி நல்லதைத் துலங்கச் செய்யும் என்றார்கள். அதே காய்ச்சல் முஹாஜிர்களையும் வாட்டிற்று. அவர்களோ நிலைத்து நின்றனர். தீ ஒன்றே, எஞ்சியது வேறு.

வெள்ளத்தின் மேல் மிதக்கும் நுரையையும், அணிகலனுக்கோ கருவிக்கோ உலோகத்தைக் காய்ச்சுகையில் எழும் நுரையையும் ‘ரஃது’ அத்தியாயம் இணைத்துக் காட்டுகிறது. நுரை வீணாய்ப் போகும். மனிதர்க்குப் பயன்படுவதே பூமியில் தங்கும் என்பது அதன் போதனை. பயன்பாடு என்னும் உரைகல் அங்கே நம் கையில் தரப்படுகிறது.

துன்பம் பட்டவரெல்லாம் தூய்மை பெற்றுவிட்டார் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். சோதனைக்குள்ளான சமுதாயம் என்பதையே நமக்குரிய சிறப்பாகப் பேசிக்கொள்வதும் உண்டு. உலைக்களம் அவ்வாறு சொல்லவில்லை. தீயில் கிடந்தது வெள்ளிக்குப் பெருமையாகாது. தீயை விட்டு வெளிவருகையில் எஞ்சி நிற்பதே அதன் மதிப்பு. இழப்பும் நோயும் இகழ்ச்சியும் நம்மைக் காய்ச்சிச் சென்ற பின்னர், நம் பொய்யும் பொறாமையும் அப்படியே ஒட்டியிருக்குமாயின், எரிந்தது காரீயம் மட்டுமே. அண்டை வீட்டாருக்கும் அனாதைக்கும் பயன்படும் உள்ளம் ஒன்று நம்மிடம் எஞ்சியிருக்குமாயின், அதுவே புடமிட்ட வெள்ளி. அடுத்த முறை ‘ஃபித்னா’ என்ற சொல் நம் நாவில் எழும்போது, அதை யார் மூட்டினார் என்று தேடுமுன், நம்மில் எது எரிந்தது, எது எஞ்சிற்று என்று கேட்டுக்கொள்வோமாக.